வேகனில் எடை தெரிய வேண்டும்: மாடல் ரயிலுக்கு லோடு செய்த அனுபவம்

மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் என்ஜினுக்காகப் படும் பாட்டில் கால்வாசியைக்கூட சரக்கு வேகனுக்குப் படுவதில்லை. என்ஜினின் நிறம், எண், ஹாரன் சத்தம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பின்னால் வரும் வேகன்களில் மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்த தெர்மாக்கோல் துண்டு உட்கார்ந்திருக்கும். கூட்ஸ் வண்டி ஓடுவதே அந்த லோடுக்காகத்தானே, அதைப் போய் இப்படி விடலாமா என்று எனக்கு ஆதங்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடி அறையில் சுவரை ஒட்டி எச்ஓ அளவில், அதாவது 1:87-ல், ஒரு லேஅவுட் வைத்திருக்கிறேன். அதில் நான் அதிக நேரம் செலவழித்தது தண்டவாளத்துக்கோ ஸ்டேஷன் கட்டடத்துக்கோ இல்லை, வேகனுக்குள் வைக்கும் லோடுக்குத்தான். அதில் கற்றுக்கொண்டதை எழுதினால் நம் ஊர்ப் பக்கம் இதில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

லோடு நிஜமாகத் தெரிய வேண்டுமானால் முதலில் யோசிக்க வேண்டியது நிறத்தை அல்ல, எடையை. நம் ஊரில் அதிகம் பார்க்கும் திறந்த வேகன் பாக்ஸ்என். அதன் காலி எடை 22.47 டன், ஏற்றக்கூடிய பாரம் 58.81 டன், உள்ளே இருக்கும் இடம் 56.29 கனமீட்டர். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், லோடு எவ்வளவு உயரம் வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நிலக்கரி ஒரு கனமீட்டருக்கு 0.8 முதல் 0.9 டன் வரை வரும், ஆகவே விளிம்பு வரை நிரப்பினாலும் 51 டன்னைத் தொடாது, மேலே குவித்தால்தான் கணக்கு சரியாகும். ஜல்லி ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே, அதனால் வேகனில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலேயே நின்றுவிடும். இரும்புத்தாது 2.4 டன் என்று வைத்துக்கொண்டால் 25 கனமீட்டர்கூட வேண்டாம், பாதிக்கும் கீழே. வேகனின் உள் உயரம் 1950 மில்லிமீட்டர், மாடலில் அது 22 மில்லிமீட்டர் சொச்சம். அதில் இரும்புத்தாது 10 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும், பக்கத்தில் இருந்து பார்த்தால் காலி வேகன் என்றே தோன்ற வேண்டும். விளிம்பு வரை இரும்புத்தாது குவித்த மாடல் வேகனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஸ்பிரிங்குகளை நினைத்து எனக்குப் பதறும். நிஜத்தில் அது நூற்று முப்பது டன்னுக்கு மேல் போயிருக்கும்!

அடுத்தது, அந்தச் சரக்கை எப்படிக் கொட்டினார்கள் என்பது. இதற்குப் படம் பார்ப்பதைவிட விழுப்புரம் ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் நின்று கீழே போகும் கூட்ஸைப் பார்ப்பது நல்லது, பிளாட்பாரத்தில் நின்றால் லோடின் மேற்பரப்பு கண்ணில் படாது. சைலோவில், அதாவது உயரமான சேமிப்புத் தொட்டியில் இருந்து நேராக விழுந்த கரி என்றால் வேகன் நீளத்துக்கும் ஒரே சீரான மேடாக ஓடும். பொக்லைனோ லோடரோ அள்ளிப் போட்டது என்றால் தனித்தனிக் குவியல்களாக, நடுவில் சிறு பள்ளங்களுடன் இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். ஒரு ரேக், அதாவது ஒன்றாக ஓடும் வேகன் வரிசை, முழுவதும் ஒரே இடத்தில் ஒரே நாளில் ஏற்றப்படுவதால் எல்லா வேகனிலும் ஒரே பாணிதான் இருக்கும். ஒரு வேகனில் சீரான மேடு, அடுத்ததில் மூன்று குவியல் என்று கலந்து வைத்தால் கண்ணுக்கு உறுத்தும்.

ஊருக்கு வெளியே ஒரு ஜல்லி யார்டில் லோடர் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ஏண்ணே, நடுவுல ஒரே குவியலா கொட்டிட்டா வேலை சுலபம்தானே?" என்றேன். "அது எப்படி தம்பி, நடுவுலயே ஏத்துனா வண்டி முதுகு வாங்கிடும். ரெண்டு பக்கமும் சக்கரத்து மேல பாரம் உக்காரணும், அப்புறம்தான் நடுவுல போடணும்" என்றார். அவர் சொன்னது டிப்பர் லாரிக்கு. ஆனால் எட்டுச் சக்கர வேகனுக்கும் அதே நியாயம்தான், இரண்டு போகிகளின் மேலும், அதாவது இரு முனைகளிலும் அடியில் இருக்கும் நான்கு சக்கரச் சட்டங்களின் மேலும், பாரம் சமமாக இறங்க வேண்டும். அதற்குப் பிறகு லோடர் பாணியில் நான் செய்யும் லோடுகளில் போகிகளுக்கு மேலே குவியல் கொஞ்சம் உயரமாகவும் நடுவில் சற்றுத் தணிவாகவும் வைக்கிறேன். பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் வண்டி பாரத்தோடு போகிறது என்பது தெரிகிறது.

சரி, பொருளுக்கு வருவோம். எதை எடுத்தாலும் 87-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கேழ்வரகு உருண்டையாக அழகாக இருக்கிறதே, இரும்புத்தாது உருண்டைக்கு வைக்கலாமே என்று தோன்றும். ஒன்றரை மில்லிமீட்டர் கேழ்வரகு நிஜ அளவில் 13 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தேங்காய். நிஜத் தாது உருண்டை ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. கடுகும் அப்படித்தான். தவிர, தானியம் எதுவாக இருந்தாலும் நம் கடலோர ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது, வண்டு வைக்கும், பூஞ்சை பிடிக்கும். காய்ந்த டீத்தூள் சக்கைக்கும் இதே கதிதான். கல், மண், கரி, உலோகம், பிளாஸ்டிக் இவற்றோடு நிற்பது நல்லது.

ஜல்லிக்கு எம்-சாண்டை விஞ்ச ஒன்றும் இல்லை. கட்டடம் நடக்கும் எந்த இடத்திலும் ஒரு கைப்பிடி கேட்டால் கொடுப்பார்கள். அதுவே கருங்கல்லை உடைத்து அரைத்ததுதான், அதனால் நிறமும் சரி, உடைந்த முனைகளும் சரி, பெரிய ஜல்லியின் அச்சாக இருக்கும். டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழுந்ததை மைதா சல்லடையில் போட வேண்டும். அந்தச் சல்லடையில் தங்குவதுதான் நமக்கு வேண்டியது. 40 மில்லிமீட்டர் ஜல்லி மாடலில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தண்டவாளத்தில் போடும் 65 மில்லிமீட்டர் ஜல்லி முக்கால் மில்லிமீட்டர். கடலூர் சில்வர் பீச் மணல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அலையில் உருண்டு தேய்ந்த மணல் ஜல்லிக்கு ஒத்துவராது. உப்பு வேறு இருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பசை பிடிக்காது, சக்கரமும் துருப்பிடிக்கும். இன்னொன்றும் உண்டு: நம் கரை மணலில் கருமணல் துகள் கலந்திருக்கும், அதில் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும். லோடில் இருந்து உதிர்ந்து தண்டவாளத்தில் விழுந்தால் என்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், மோட்டார் கெட்டுவிடும். ஆகவே எந்த மணலோ மண்ணோ எடுத்தாலும் ஒரு காந்தத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி அதற்குள் நன்றாகத் துழாவி எடுத்துவிட வேண்டும். எம்-சாண்டுக்கும் இதைச் செய்யுங்கள், அரவை இயந்திரத்தின் இரும்புத்தூள் அதில் கலந்திருக்கலாம்.

நிலக்கரிக்கு நிஜ நிலக்கரியே நல்லது, ஒரு கட்டி கிடைத்தால் வருடக்கணக்கில் வரும். தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு சுத்தியலால் தட்டலாம். கிடைக்காவிட்டால் இஸ்திரிக் கடை அடுப்புக்கரி. அது பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருக்கும், எடை குறைவு, மரத்தின் நார் தெரியும், பொடித்த பிறகு பெரிதாக வித்தியாசம் இல்லை. அனல்மின் நிலையத்துக்குப் போகும் கரி பெரும்பாலும் 100 மில்லிமீட்டருக்குள் உடைத்தது என்பதால் மாடலில் பெரிய துண்டே ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரே அளவாகச் சலித்துவிடக் கூடாது. தூளும் துண்டும் கலந்திருந்தால்தான் கரி, ஒரே அளவாக இருந்தால் மிளகு.

பக்கத்தில் நெய்வேலி இருக்கும்போது பழுப்பு நிலக்கரி ஏற்றாமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே வெட்டுகிற கரி பெரும்பாலும் கன்வேயர் பெல்ட்டிலேயே பக்கத்து அனல்மின் நிலையத்துக்குப் போய்விடுகிறது, ரேக் ரேக்காக வண்டியில் ஏறும் சரக்கு இல்லை அது. அதனால் என் ரேக் வெளியில் இருந்து வரும் கறுப்பு நிலக்கரிதான். பழுப்பு நிலக்கரிக்கு என்றே வேறு ஒரு மூலையில் பெல்ட்டும் குவியலும் வைத்திருக்கிறேன். வெட்டியெடுக்கும்போது அதில் பாதி எடை ஈரம்தான், அதனால் புதுக் குவியல் கரும்பழுப்பாகவும், காய்ந்த பக்கம் வெளிறி உதிரியாகவும் இருக்கும். இரண்டு நிறமும் ஒரே குவியலில் வர வேண்டும்.

இரும்புத்தாதுக்கு எல்லோரும் சிவப்பு அடிக்கிறார்கள். அது எந்த ஊர்த் தாது என்று பார்த்துவிட்டு அடிக்க வேண்டும். ஒருகாலத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த பெல்லாரி-ஹொஸ்பேட் தாது ஹெமடைட், அதன் தூள் சிவப்பு. சேலம் கஞ்சமலைத் தாது மேக்னடைட், அது கறுஞ்சாம்பல். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் நம் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கு வந்தது சேலம் பக்கத்துத் தாதுதான். ரயில் வருவதற்கு முந்தைய காலம் அது, வேகனில் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் இரும்புத்தாது லோடு செய்யும்போதெல்லாம் எனக்குப் பரங்கிப்பேட்டை ஞாபகம் வந்துவிடும். ஹெமடைட்டுக்கு நான் எடுப்பது கேப்பர் மலைச் செம்மண். அது அப்படியே போட்டால் ஆரஞ்சு அடிக்கும். சலித்து, காந்தம் விட்டு, தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு பொடி கொஞ்சம், கறுப்பு சிமென்ட் கலர் துளி சேர்த்தால் நிறம் படிந்துவரும். நிஜத் தாதுக் கட்டி நீலம் கலந்த சாம்பலாக இருந்து மேலே சிவப்புத் தூசி படிந்திருக்கும், அதனால் கீழே கருஞ்சாம்பல் துகளைப் போட்டு மேலே செம்மண் தூளைத் தூவுவது இன்னும் பொருத்தம்.

செய்முறையைச் சொல்கிறேன். அடித்தளத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் வெட்டிப்போட்ட சன்போர்டு (நுரை அட்டை) துண்டுகள் போதும், 5 மில்லிமீட்டர் கனம் வசதி. பாக்ஸ்என் மாடலின் உள்ளளவு ஏறக்குறைய 112-க்கு 34 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் லோடு இறங்கவும் ஏறவும் செய்யும், சுற்றிலும் வெள்ளைக் கோடும் தெரியாது. முன்பு கணக்குப் போட்ட உயரத்துக்கு ஏற்றபடி அடியில் கால் ஒட்டிக்கொள்ளலாம். மேலே குவியல் வர வேண்டிய இடத்தில் தெர்மாக்கோல் துண்டுகளை ஒட்டி மேடாக்கி, அதற்குள் ஒரு இரும்பு வாஷரைப் புதைத்துவிட வேண்டும். பிறகு லோடை எடுக்க வேண்டுமானால் குச்சி நுனியில் ஒட்டிய காந்தத்தை மேலே காட்டினால் போதும், லோடு கூடவே எழும்பி வரும். பெயின்ட் வாட்டர்பேஸாக இருக்கட்டும், ஸ்பிரே பெயின்ட் அடித்தால் தெர்மாக்கோல் கரைந்து குழி விழும். கரி லோடுக்குக் கறுப்பு, ஜல்லிக்குச் சாம்பல் என்று அடித்தளம் முழுவதும் முதலில் நிறம் கொடுத்துவிட்டால் துகள் விலகும் இடத்தில் வெள்ளை தெரியாது.

இப்போது தண்ணீர் கலக்காத ஃபெவிகாலைத் தடவி, ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கரியைப் போட்டு மேலிருந்து விட வேண்டும். கையால் பரப்பக் கூடாது, அமுக்கக் கூடாது. இந்த இடத்தில் பொறுமை வேண்டும். கூம்பில் இருந்து விழும் கரி முதலில் ஒரு முனையாக எழும்பும், பிறகு அந்த முனை தாங்காமல் பொலபொலவென்று ஒரு பக்கம் சரியும், சரியும்போது பெரிய துண்டுகள் உருண்டு அடிவாரத்தில் போய் நிற்கும், தூள் மேலேயே தங்கும். நிஜ வேகனிலும் குவியலின் ஓரத்தில் பெரிய துண்டும் உச்சியில் தூளும்தான் இருக்கும். இந்தப் பிரிவினையை நாம் கையால் செய்ய முடியாது, கொட்டினால் தானாக வந்துவிடும். அந்தச் சரிவின் கோணத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிறகு நிலையாக ஒட்டுவதற்கு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீரை ஸ்பிரேயில் தூரத்தில் இருந்து மெல்லப் பனி விழுகிற அளவுக்கு அடித்து நனைத்துவிட்டு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து மருந்து டிராப்பரால் ஓரத்தில் விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் துளி உருண்டையாக மேலேயே நின்று கரியையும் தூக்கிக்கொண்டு போகும். வெயில் காலத்தில் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் கடலூரில் இரண்டு மூன்று நாள் ஆனாலும் அடியில் பிசுபிசுப்பு இருக்கும், அவசரப்பட்டு வேகனில் வைக்க வேண்டாம். பத்து லோடு செய்தால் பத்தும் ஒரே அச்சாக இருக்கக் கூடாது என்பதால் அடித்தளம் ஒரே மாதிரி வெட்டினாலும் கொட்டுவதைத் தனித்தனியாகக் கொட்டுங்கள்.

கரி லோடுக்கு ஒரு நகாசு வேலை உண்டு. நம் நாட்டில் திறந்த வேகனில் கரி போகும்போது மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வழியில் யாராவது அள்ளினால் அந்த வெள்ளை கலைந்து காட்டிக்கொடுக்கும், அதற்காகச் செய்வது. வெளிநாட்டு மாடல்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் இந்திய ரேக் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லவைப்பது இந்த வெள்ளைதான். நான் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையே தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பழைய டூத் பிரஷில் தொட்டு விரலால் சுண்டித் தெளிக்கிறேன். தெளித்த உடனே ஒன்றுமே தெரியாது. கரி நனைந்து இன்னும் கறுப்பாகும். போதவில்லை என்று மேலும் தெளிக்க கை பரபரக்கும், விட்டுவிட வேண்டும். அரை மணி நேரத்தில் ஓரங்களில் இருந்து சாம்பல் நிறம் ஏறி, முழுவதும் காய்ந்ததும் புள்ளி புள்ளியாக வெள்ளை எழும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணுக்கு ஆபத்து.

வேகனின் சொந்த எடையும் முக்கியம். அமெரிக்காவில் 1935 முதல் இயங்கும் தேசிய மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, எச்ஓ வேகனுக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்று பரிந்துரைக்கிறது. பாக்ஸ்என் மாடல் 123 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 97 கிராம் வருகிறது. லோடு எடுத்த பிறகும் வண்டி தடம் புரளாமல் ஓட வேண்டும் என்பதால் எடையை வேகனின் அடிச்சட்டத்தில் வைக்க வேண்டும், லோடுக்குள் வைத்தால் தலைப்பாரமாகி வளைவில் சாயும். கடலூர் முதுநகரில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் ஈயக்குண்டு கிடைக்கிறது, தட்டித் தட்டையாக்கி அடியில் ஒட்டலாம். ஈயம் விஷம், தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஈயம் வேண்டாம் என்றால் இரும்பு நட்டு போதும்.

கொட்டும் சரக்கு அலுத்தால் எஃகுச் சுருள் செய்து பாருங்கள். இது என் செல்லப் பிள்ளை. வீட்டில் கல்யாண வீடியோ கேசட் ஏதாவது பூஞ்சை பிடித்துக் கிடக்கும், டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டீர்கள் என்றால் அந்த நாடாவை எடுங்கள். விஎச்எஸ் நாடா 12.7 மில்லிமீட்டர் அகலம். 87-ஆல் பெருக்கினால் 1.1 மீட்டர், சூடாக உருட்டிய எஃகுச் சுருளுக்கு மிகவும் பொருத்தமான அகலம். கரும்பழுப்பு நிறமும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சாதாரணப் பேனா உடம்பின் மேல் இழுத்துப் பிடித்துச் சுற்றி, வெளி விட்டம் 21 மில்லிமீட்டருக்கு வந்ததும் நுனியை ஒட்டி, பேனாவை உருவினால் நிஜத்தில் 18 டன் வரும் சுருள் கையில் இருக்கும். ஒன்றுக்குச் சுமார் 15 மீட்டர் நாடா பிடிக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு சுற்றும் மெல்லிய கோடாகத் தெரிவது, வேறு எந்தப் பொருளிலும் இவ்வளவு நன்றாக வந்து நான் பார்த்ததில்லை. வெளிச்சுற்றின் பளபளப்பை மட்டும் மேட் வார்னிஷ் அடித்து அடக்கி, ரெட் ஆக்சைடு பொடியை உலர்ந்த பிரஷால் அங்கங்கே தொட்டு, வெள்ளிநிறக் காகிதத்தில் மெல்லிய பட்டை வெட்டிச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பிஎஃப்என்எஸ் தட்டை வேகனில் மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், 54 டன்னாகிவிட்டது. வேகனில் பாதிக்கு மேல் இடம் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலியிடம்தான் சுருளின் கனத்தைச் சொல்லும்.

இப்போது கையில் இருக்கும் வேலை கரும்பு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை மனதில் இருப்பதால், 2010-ல் அகலப்பாதை ஆவதற்கு முன் நம் பக்கம் ஓடிய மீட்டர்கேஜை நினைத்து ஒரு சின்னக் கிளைப்பாதை போடுகிறேன், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். இது என் கற்பனைப் பாதை, ஆனால் கரும்பு கற்பனையாக இருக்கக் கூடாது. சவுக்கு ஊசியில் கணுக்கள் இருப்பதால் முதலில் அதைத்தான் கை தேடும். அளந்து பார்த்தால் அது நிஜத்தில் ஆறு சென்டிமீட்டர் கனம், சவுக்குக் கழிக்குத்தான் ஆகும், அதை அப்படியே கழி லோடுக்கு ஒதுக்கிவிட்டேன். கரும்புக்குத் தேங்காய் நார் சரியாக வருகிறது: கால் மில்லிமீட்டரில் இருந்து 0.35 வரை உள்ள நாரைப் பொறுக்கி, வெந்நீரில் அலசி, நேராக இழுத்துக் கட்டிக் காயவைத்து, 25 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பச்சையும் கரும்பு ஊதாவும் கலந்த நீர்த்த அக்ரிலிக்கில் முக்கி எடுக்க வேண்டும். கட்டுவதற்குத் தையல் நூல் எடுத்தால் அதன் பிசிறு கயிற்றில் முடி முளைத்தது போலத் தெரியும், ஃபெவிகால் தொட்ட இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒருமுறை இழுத்துவிட்டால் படிந்துவிடும். கட்டுகளை வேகனில் அடுக்கும்போது அடிக்கட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் வராமல் மாற்றி மாற்றி வைக்கிறேன், இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

செய்து முடித்த லோடுகளை ஸ்வீட் பாக்ஸில் அடுக்கி, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடி, எந்த வேகனுக்கு என்று மேலே எழுதி வைக்கிறேன். ஓட்டும்போது கரி ரேக் ஒரு திசையில் மட்டும்தான் லோடோடு போகும், சரக்கு இறக்கும் பக்கத் தண்டவாளமான சைடிங்கில் காந்தக் குச்சியால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காலியாகத் திரும்பும். அதற்காக வேகன்களின் உட்புறத்திலும் துருநிறம் அடித்து, மூலைகளில் கொஞ்சம் கரித்தூள் ஒட்டிவைத்திருக்கிறேன், நிஜத்திலும் கரி இறக்கிய வேகன் துடைத்துவைத்த மாதிரி இருக்காது.